நாற்பத்துநாலு முழக் கொடி

திண்டுக்கல் பேகம்பூரில் மாடி ஏறுகிற ஆம்பிளை முதலில் குரல் கொடுக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவனாக இருந்தாலும் சரி, தேங்காய் பறிக்கிறவனாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு உரியவனே ஆனாலும் சரி. படியின் அடியில் நின்று, "மேல வாரேன், மேல வாரேன்" என்று அக்கம்பக்கத்து முற்றங்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்த வேண்டும். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போகிற வரைக்கும் பொறுத்திருந்துதான் முதல் படியில் கால் வைக்க வேண்டும். வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற தெரு அது. ஒரு மாடியில் நின்றால் நாலு வீட்டு முற்றம் தெரியும்.

சௌகத் அலியும் முறைப்படி குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார். அதில் அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இறங்கும்போதுதான் குரல் கொடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. ஆடிக் காற்று, ஏரியல் கம்பி கட்டியிருந்த மூங்கில் கம்பத்தையும், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவரையும் சேர்த்துத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் காதர் பீவியின் முற்றத்தில் போட்டுவிட்டது. கோழிக் கூண்டின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருந்ததால் உயிர் பிழைத்தார். தொடை எலும்பு முறிந்தது, கோழி இரண்டு செத்தன. பெண்பிள்ளைகள் தலை சீவிக்கொண்டிருந்த முற்றத்தில் ஆகாசத்திலிருந்து ஒரு ஆம்பிளை வந்து விழுந்த கதையைப் பேகம்பூர் மாதக்கணக்கில் பேசித் தீர்த்தது.

ஓடிவந்து தம்பியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் அண்ணன் முனீர்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி. மனைவி இறந்த பிறகு தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருக்கிறார். வீடு அவர் பேரில். சொன்ன சொல்லை மாற்றமாட்டார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். தம்பியை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே காதர் பீவி வீட்டு வாசலில் நின்று, "அல்லா மேல ஆணையாச் சொல்றேன், எங்க மாடியில இனிமே கம்பம் நிக்காது" என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். அதோடு சௌகத் அலியின் வயர்லெஸ்ஸும் நின்றது.

வயர்லெஸ் என்றதும் யாரும் திருட்டு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து வயர்லெஸ்காரராக இருந்தவர் சௌகத் அலி. ஊர் திரும்பி ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். காதும் விரலும் சும்மா இருக்கவில்லை. பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தபடியே உலகத்து வயர்லெஸ்காரர்களோடு பேசுவதற்குச் சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட கண்ணாடி வால்வுகளையும் மண்ணெண்ணெய்த் தகரத்தையும் வைத்து அவரே கட்டிய செட்டு அது. அதற்குக் கம்பிச் சுருள் சுற்றிக் கொடுத்தவள், ஈயம் உருக்கும்போது ஒயரைப் பிடித்துக் கொடுத்தவள், மனைவி குர்ஷித் பேகம். தந்தி ஆபீசில் இருக்கிறது போல ஒரு சாவி. அதை அவர் தட்டத் தட்டச் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஆள் பதில் தட்டுவான். குர்ஷித்துக்குத் தந்தி பாஷை தெரியாது. ஆனால் 'திண்டுக்கல்' என்கிற ஊர்ப்பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அவர் தட்டுகிற தாளம் மட்டும் மனப்பாடம். சாப்பாட்டுத் தட்டில், கட்டில் சட்டத்தில், அவள் வளையலில் என்று எங்கே கை கிடந்தாலும் அதைத்தான் தட்டுவார். "வீட்டுக்குள்ளயே ஒரு மரங்கொத்திய வச்சிருக்கோம்" என்று முனீர் முணுமுணுப்பார்.

எல்லாம் விழுந்ததற்கு முந்திய கதை. இப்போது ஒரு வருசம் ஆகிவிட்டது. கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறார், படி ஏற முடியாது. கடையைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே நாலு ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செட்டின் மேல் பழைய வேட்டி ஒன்று மூடிக்கிடக்கிறது. குழம்பில் உப்புக் கூடினால் தட்டிலேயே தந்தி அடித்துக் கேலி பண்ணுகிற மனுசர், இப்போது உப்பே போடாவிட்டாலும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போகிறார். போதாததற்கு மதுரை ரேடியோக்கடைக்காரர் ஒருவர் செட்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்ப, இவரும் சரி என்றுவிட்டார். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும்.

அந்தச் செட்டு வாசலைத் தாண்டினால் இந்த மனுசர் இனி எழுந்திருக்க மாட்டார் என்று குர்ஷித்துக்கு உறுதியாகத் தெரிந்தது. அழுது பார்க்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. மத்தியானம் சோறு போடும்போது மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஏரியலுக்குக் கம்பம் இருந்தே ஆகணுமா?"

"கம்பம் இல்லாம கம்பி ஆகாசத்துல தானா நிக்குமா?"

"உசரமா ரெண்டு செவுரு இருந்தா?"

"இருந்தா கட்டலாம். ரெண்டு செவுத்துக்கும் நடுவுல அறுபத்தாறு அடி வேணும். நம்ம மாடி முப்பதடி தாண்டாது."

"கம்பி எது மேலயும் படக் கூடாதாக்கும்."

"முனையில கண்ணாடியோ பீங்கானோ வச்சுக் கட்டணும். செவுத்தைத் தொட்டா அம்புட்டும் செவுத்துக்குள்ள போயிரும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அது எதுக்கு இப்ப? வெஞ்சனம் என்ன, கருவாடா? இன்னொண்ணு வையி."

கேட்டு வாங்கிச் சாப்பிட்டு ஒரு வருசம் ஆகியிருந்தது. ஏரியல் பேச்சுக்கே கருவாடு இறங்குகிறதென்றால் ஏரியலே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிக்கல் அளவில் இருந்தது. தங்கள் மாடிப்படிக்கு மேல் கட்டியிருந்த கூண்டின் சுவரில் தொடங்கினால் கம்பி காதர் பீவியின் மாடியைத் தாண்டி, அவள் வீட்டுக் கூண்டுச் சுவரில் போய்த்தான் முடியும். அந்த வீட்டோடோ ஒரு வருசமாகப் பேச்சில்லை. சண்டை என்று சொல்லவும் முடியாது. விழுந்த வெட்கம் இந்தப் பக்கம், என்ன கேட்பது என்கிற கூச்சம் அந்தப் பக்கம், அப்படியே இறுகிப்போயிற்று.

மறுநாள் காலையில் காதர் பீவி மாடியில் மல்லி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தோல் வியாபாரி ஒருவரின் விதவை. மூன்று பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள். வாய்க்குப் பேர்போனவள். குர்ஷித் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள்.

"அக்கா, ஒரு பேச்சு."

"பேச்சா? உங்க வீட்டுலருந்து பேச்சு வந்து வருசமாச்சே. கடைசியா ஆளுதான் வந்தாரு."

"மாடியில ஒரு துணிக்கொடி கட்டலாம்னு இருக்கேன். எங்க கூண்டுலருந்து உங்க கூண்டு வரைக்கும். பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு."

காதர் பீவி மல்லியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் குர்ஷித், ஒரு வருசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவ, துணி காயப் போடவா வந்து பேசுற? நெசத்தைச் சொல்லு."

குர்ஷித் நிசத்தைச் சொன்னாள். கயிற்றுக்குள் கம்பி வைத்துத் திரிக்கப் போவதையும், ஒரு முனையைக் கீழே அவர் அறைக்கு இறக்கப் போவதையும் சொன்னாள். "அடுத்த வாரம் செட்டு போவுதுக்கா. அது போச்சுன்னா" என்று தொடங்கியவள், கைப்பிடிச் சுவரில் சிதறிக்கிடந்த மல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

காதர் பீவி கையில் ஒட்டிய மல்லியைத் தட்டிவிட்டுச் சுவரோரம் வந்தாள்.

"அன்னைக்கு விழுந்தாரே, தொடை ஒரு பக்கமாத் திரும்பிக் கெடக்கு. நாங்க எல்லாம் கத்திக்கிட்டு நிக்கிறோம். உம் புருசன் என்ன சொன்னாரு தெரியுமா? 'தங்கச்சி, குரல் குடுக்காம வந்துட்டேன், மன்னிச்சுக்க'ன்னாரு. அந்த நெலமையிலயும். எங்கூட்டு ஆம்பளைங்க யாரும் இந்த வயசு வரைக்கும் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டதில்ல."

"அவரு எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே."

"கோழி போச்சுன்னு நா ஒரு வார்த்தை கேட்டனா? முனீரு அண்ணந்தான் அவராவே வந்து வாசல்ல நின்னு ஆணை போட்டுட்டுப் போனாரு. ஆம்பளைங்க அவங்களா ஒண்ணைச் சொல்லிக்கிட்டு அவங்களா அதுல மாட்டிக்கிறது."

"ஆணை கம்பத்துக்குத்தானேக்கா."

"கம்பத்துக்குத்தான். எங்காதால கேட்டேன், கம்பம்னுதான் சொன்னாரு." காதர் பீவி மறுபடி மல்லியில் கை வைத்தாள். "கட்டு. ஆனா கொடின்னா கொடியாத்தான் இருக்கணும். நா துணி போடுவேன். வெறுங்கொடி தொங்குனா நாலு பேரு எதுக்குன்னு கேப்பாங்க."

அந்த வாரமே வேலை நடந்தது. செம்பட்டிப் பக்கத்திலிருந்து தேங்காய் நாரும் கயிறும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கிற ஜக்கம்மாளை மாடிக்கு ஏற்றினார்கள். எரிந்துபோன மோட்டாரில் பிரித்தெடுத்த செம்புக் கம்பி, அவர் எப்போதோ வாங்கிச் சுருட்டிப் போட்டிருந்தது, பெட்டிக்கடியில் கிடந்தது. அதை நடுவில் வைத்து நாரைச் சுற்றித் திரிக்க வேண்டும் என்று சொன்னதும் ஜக்கம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

"கயித்துக்குள்ள கம்பியா? எந்தக் காளையைக் கட்டப் போற தாயி?"

"துணி காயப் போடத்தான் ஜக்கம்மா. பாரம் தாங்கணும்ல."

"யானை உடுத்துற துணியாக்கும். சரி, எனக்கென்ன. அந்த முனையப் பிடி, விட்டுறாத. விட்டா அம்புட்டும் முறுக்கு அவுந்துபோகும்."

ஒருத்தி நாரை விட, ஒருத்தி கம்பியை இழுத்துப் பிடிக்க, ஒருத்தி முறுக்க, இரண்டு மாடி நீளத்துக்கும் பின்னால் பின்னால் நடந்து திரித்தார்கள். உள்ளங்கை எரிந்தது. கீழே தோல் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டை வாடை காற்றில் ஏறி வந்துகொண்டிருந்தது. நடுவில் காதர் பீவி கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். ஜக்கம்மாள் ஒரு மூச்சில் குடித்துவிட்டு, "இந்தக் கயித்துக்கு நாரு தெரியுது, கம்பி தெரியல பாத்தியா, அதான் கை" என்று தானே மெச்சிக்கொண்டாள். உண்மையிலேயே தெரியவில்லை. பார்க்கிறவனுக்கு அது சாதாரணத் தேங்காய்நார்க் கொடிதான்.

கயிறு தண்ணீர் குடித்தால் கம்பிக்கு ஆகாது என்று குர்ஷித்துக்குத் தெரியும். சந்தையில் சிறுமலைத் தேன்மெழுகு வாங்கிவந்து, உருக்கி, கந்தைத் துணியில் தோய்த்துக் கயிறு முழுக்கத் தேய்த்தாள். மறுநாள் பார்த்தால் கொடியின் மேல் சித்தெறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. காதர் பீவியின் மூத்த மகள் பாவாடைக்குள் எறும்பு ஏறிக் குதித்ததும், மூன்று பெண்களுமாக மஞ்சள்பொடியைக் கொண்டுவந்து கயிற்றில் பூசியதும் தனிக் கதை.

முனைக்குக் கண்ணாடி வேண்டுமே. கலியாண வீடுகளில் மிஞ்சிய பன்னீர்ப் புட்டிகள் பரணில் கிடந்தன. கழுத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் நூலைக் கட்டிப் பற்றவைத்து, நூல் எரிந்து முடிகிற சமயத்தில் பச்சைத் தண்ணீரில் முக்கினால் கழுத்து தனியாகக் கழன்று வந்துவிடும். இரண்டு உடைந்தன, மூன்றாவது சொன்னபடி கேட்டது. அப்படி எடுத்த கழுத்துகளில் முனைகளைக் கட்டி, இரண்டு கூண்டுச் சுவர்களிலும் ஆணி அறைந்து மாட்டினார்கள். இந்தப் பக்கத்து முனையில் மட்டும் செம்பை உருவியெடுத்து, சுவரில் படாதபடி அறையின் காற்றுத் துளையில் இன்னொரு கழுத்தைச் செருகி, அதன் வழியாகக் கீழே விட்டாள் குர்ஷித்.

சௌகத் அலி ஒரு ரேடியோவின் வயிற்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேஜைக்கு நேர் மேலே சுவரிலிருந்து ஒரு செம்புக் கம்பி மெல்ல இறங்கி வந்து அவர் மூக்குக்கு முன்னால் ஆடியது. தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குர்ஷித் மூச்சு வாங்க இறங்கிவந்து வாசலில் நின்றாள்.

"இது என்ன?"

"துணிக்கொடி. மிச்சம் மாடியில இருக்கு."

"அண்ணன் சொன்ன சொல்லு என்னாவுறது?"

"அது கம்பத்துக்கு. இது கொடி. காதர் பீவி அக்காவும் நானும் சேந்து கட்டுனது. இந்நேரம் அவங்க மகளோட தாவணி அதுல தொங்குது, வேணும்னா யாரையாச்சும் பாத்துட்டு வரச் சொல்லுங்க."

அவர் கம்பியின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். "எம்புட்டு நீளம்?"

"நாப்பத்துநாலு முழம். அறுபத்தாறு அடிக்கு அதுதானே கணக்கு."

"யாரு முழம்? உன் முழம்னா குறையுமே."

"உங்க முழம்தான். மத்தியானம் தூங்குறப்ப உங்க கையில கயிறு வச்சு அளந்துக்கிட்டேன்."

அவருடைய முழம் ஒரு நூல் கூடாமல் குறையாமல் பதினெட்டு அங்குலம் என்பது அவருடைய பட்டாளத்துப் பெருமைகளில் ஒன்று. சௌகத் அலி தன் முழங்கையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோளால் கண்ணைத் துடைத்தார். எத்தனையோ பேர் கட்டிய ஏரியலில் எல்லாம் பேசியிருக்கிறார், பட்டாளத்தில் வெள்ளைக்காரன் கட்டியதிலும் பேசியிருக்கிறார். தன் கையை அளவுகோலாக வைத்து ஒருத்தி கட்டியதில் பேசப் போவது இதுதான் முதல் தடவை.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் பாப்போம்" என்றார். "தட்டுறப்ப யாரும் கொடியைத் தொடக் கூடாது, கையச் சுட்டுரும். அக்காகிட்டச் சொல்லிரு."

சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்னால் கொடி காலியாக இருக்கும் என்று காதர் பீவியும் ஒப்புக்கொண்டாள். ஆனால் திண்டுக்கல் குழாய்க்கு யார் சொல்லி வைப்பது? எத்தனையோ நாளாகக் காற்று மட்டுமே வந்துகொண்டிருந்த தெருக்குழாயில் அன்று மத்தியானம் ஜும்மா தொழுகை முடிகிற நேரத்தில் தண்ணீர் கொட்டியது. அந்த ஊரில் தண்ணீர் வருகிற நாள்தான் துணி துவைக்கிற நாள். தெருவே குடத்தோடும் அழுக்கு மூட்டையோடும் குழாயடிக்கு ஓடியது. குர்ஷித்தும் அண்டா, தவலை, குளிக்கிற தொட்டி என்று நிரப்பி ஓயும்போது அஸர் தாண்டிவிட்டது. கொடியின் ஞாபகமே இல்லை.

அறைக்குள் சௌகத் அலி செட்டின் மேலிருந்த வேட்டியை எடுத்து மடித்து வைத்தார். வால்வுகள் சூடேறியதும் ஒரு வருசத்துத் தூசி கருகுகிற வாடை வந்தது. குர்ஷித்துக்கு அது அத்தர் மாதிரி இருந்தது. மேலேயிருந்து இறங்கிய கம்பியைச் செட்டில் மாட்டிக் கேட்டால் ஆகாசத்தில் ஏதோ சத்தம் இருக்கிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது போல அமுங்கி வருகிறது. சாவியைத் தட்டினார். கூப்பிட்டார், காத்திருந்தார், மறுபடி கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மீட்டர் முள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றது. பெரிய வால்வுக்குள் தகடு கனல் மாதிரிச் சிவந்துவிட்டது. அவசரமாக நிறுத்தினார்.

"கம்பியில யாரோ பிடிச்சுத் தொங்குறாப்ல இருக்கு. வெளிய போகவே மாட்டேங்குது." இன்னொரு தடவை முயன்று பார்த்துவிட்டுச் சாவியிலிருந்து கையை எடுத்தார். "விடு குர்ஷித். உன் வேலையில குத்தமில்ல. அது வராது. மதுரைக்காரரு எடுத்துட்டுப் போகட்டும்."

பிடித்துத் தொங்குகிறது என்ற பேச்சு காதில் விழுந்ததும் குர்ஷித்துக்குச் சுருக்கென்றது. தண்ணீர் வந்திருக்கிறது. காதர் பீவி துவைத்திருப்பாள். எதிர்பாராத தண்ணீரைக் கண்டவள் கொடியின் கெடுவை எங்கே நினைக்கப் போகிறாள்? குர்ஷித் மாடிப்படிக்கு ஓடினாள்.

படியின் அடியில் முனீர் உட்கார்ந்து தோல் சீவுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஷாப் இல்லை.

"நில்லும்மா. உள்ள சாவிச் சத்தம் கேட்டுச்சே."

"ஆமா மச்சான்."

"கம்பி எங்க கெடக்கு?"

இதற்கு என்ன பதில் என்று குர்ஷித் பத்து நாளாக யோசித்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் பயமும் கொஞ்சம் பொய்யும் இருந்தன. இப்போது எதிரே நின்றபோது அந்தப் பதில் எதுவும் வரவில்லை. அவள் செய்த வேலைதான் வாயில் வந்தது.

"துணிக்கொடிக்குள்ள இருக்கு மச்சான். நாந்தான் கட்டுனேன், அவரு கட்டச் சொல்லல. நாரைப் போட்டு மூணு பொம்பளைங்க திரிச்சோம். சிறுமலை மெழுகு தேச்சிருக்கேன், முனைக்குப் புட்டிக் கழுத்து. கீழருந்து பாத்தா எந்த ஆம்பளைக்கும் தெரியாது, நீங்க தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. உங்க சொல்லுக்கும் குறை வரல. காதர் பீவி அக்காவே ஒரு முனையைப் பிடிச்சாங்க. இப்ப ஈரத்துணி கெடக்கு, அதான் சத்தம் போகல. எடுக்கப் போறேன்."

முனீர் அவளையே பார்த்தார். வெறும் தம்பி மனைவியாக நின்றிருந்தால் தலை குனிந்திருப்பாள்; கொடி திரித்தவளாக நின்றாள். அவள் குனியவில்லை. அவர் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து முற்றங்களைப் பார்த்துக் கழுத்து நரம்பு புடைக்கக் குரல் கொடுத்தார்.

"மேல வாரேன். மேல வாரேன்."

முறைப்படி பொறுத்திருந்தார். பிறகு படி ஏறினார்.

சத்தம் கேட்டுச் சௌகத் அலி கட்டையை ஊன்றிக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டார். "அண்ணனா ஏறுறாரு?"

"ஆமா. கத்தியோட."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "வெட்டட்டும். அவரு வீடு, அவரு சொல்லு."

"வெட்டுனா மறுபடி திரிப்பேன்" என்றாள் குர்ஷித். "நாருக்கா பஞ்சம்?"

மேலே காலடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. அப்புறம் படியில் முனீர் இறங்கினார். முதலில் தெரிந்தது முனீர் அல்ல, துணி. தாவணி, பாவாடை, தலையணை உறை, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ஜமுக்காளம். அத்தனையையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படி தெரியாமல் தடவித் தடவி இறங்கினார். அந்தத் தெருவில் எந்த ஆம்பிளையும் அப்படி இறங்கிப் பார்த்ததில்லை.

"யாரு யாரு துணியோ தெரியாது" என்றார் யாரையும் பார்க்காமல். "நா எதையும் பாக்கல. மலைக்கோட்டையப் பாத்துக்கிட்டே எடுத்தேன். ஜமுக்காளத்தைக் கயித்தால இறுக்கிக் கட்டி வச்சிருக்கா, அறுத்துத்தான் எடுத்தேன். இம்புட்டுப் பாரம் தொங்குனா அந்தக் கம்பி எப்படிப் பேசும்?"

"அண்ணே" என்றார் சௌகத் அலி.

"கம்பம் ஏதாச்சும் இருக்கான்னு ரெண்டு தரம் சுத்திப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. கொடிதான் கெடக்கு." துணிக்குவியலைக் கீழே வைக்க இடம் தெரியாமல் நின்றார். அப்புறம் குரல் தணிந்தது. "ஒரு வருசமா இந்த வீட்டுல சத்தமே இல்லையேப்பா. வெளிய படுத்துக்கிட்டு தினம் காதைக் குடுத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். போ, போயி உக்காரு."

மெழுகு தேய்த்த கயிறு தண்ணீரை உள்ளே விடவில்லை. மேலே நின்ற ஈரத்தைத் திண்டுக்கல் காற்று துடைத்துவிட்டது. அந்தி மஹ்ரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. சௌகத் அலி மறுபடி உட்கார்ந்து செட்டைத் திருகினார். அமுங்கிக்கிடந்த ஆகாசம் இப்போது சந்தை மாதிரி இரைந்தது. சாவியை அழுத்தினார். மீட்டர் முள் விழ வேண்டிய இடத்தில் சொல்லி வைத்தது போல விழுந்தது. குர்ஷித் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்ப்பதுபோல் நெஞ்சு விம்மியது.

கூப்பிட்டு நிறுத்தினார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒருவன், மெல்லிசாக, ஆனால் தெளிவாக, லைசென்ஸில் சர்க்கார் இவருக்குக் கொடுத்திருந்த அடையாள எழுத்துகளைச் சொல்லிக் கூப்பிட்டான். சௌகத் அலியின் கை பாய்ந்தது. பெயரைத் தட்டினார், ஊரைத் தட்டினார். எதிர்ப்பக்கம் பதில் வந்தது. ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த குர்ஷித்துக்கு நடுவில் ஒரு தாளம் மட்டும் புரிந்தது. தட்டிலும் கட்டிலிலும் வளையலிலும் கேட்ட அதே தாளம், இப்போது வேறொருவன் கையிலிருந்து, கடலுக்கு அப்பாலிருந்து வந்தது.

"நம்ம ஊரு" என்றாள். "நம்ம ஊரைச் சொல்றான்."

சௌகத் அலி தலையை ஆட்டினார். "ஆஸ்திரேலியா. பெர்த்துன்னு ஒரு ஊராம். சத்தம் கணீர்னு கேக்குதாம். என்ன ஏரியல்னு கேக்குறான்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"நாப்பத்துநாலு முழம், எம் பொண்டாட்டி கட்டுனதுன்னு சொல்லப் போறேன்."

முனீர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். துணி இன்னும் கையில்தான் இருந்தது. ஜமுக்காளத்துத் தண்ணீர் சொட்டி அவர் காலடியில் குளம் கட்டியிருந்தது.

"மதுரைக்காரன் வந்தா நீ ஒண்ணும் பேச வேணாம், நா பேசிக்கிறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏம்ப்பா, அவங்கிட்ட எந்த ஊருன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"திண்டுக்கல்னு சொன்னேண்ணே."

"திண்டுக்கல் பெரிய ஊருல்ல. அதுல எங்கன்னு போயி அவன் தேடுவான்? பேகம்பூருன்னு சேத்துச் சொல்லு."

சௌகத் அலி சிரித்தார். ஒரு வருசம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே சாவியில் கை வைத்தார். குர்ஷித்துக்குத் தெரிந்த தாளம் முதலில் போயிற்று. அதன் பின்னாலேயே, இதுவரை அந்த வீட்டில் யாரும் தட்டிக் கேட்டிராத புதிய தாளம் ஒன்று கிளம்பி, காதர் பீவியின் மாடியைத் தாண்டி, கடலைத் தாண்டிப் போயிற்று. அதையும் அவள் அன்றே மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.